அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

பதினோரு வயது வரை நான் பார்த்த பகடைக்கெல்லாம் ஆறு முகம்தான். பெரியப்பா மகள் கோயம்புத்தூரில் கல்லூரியை முடித்துவிட்டுச் சின்னமனூர் வந்தபோது கொண்டுவந்த பகடைக்கு இருபது முகம். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்த விளையாட்டுக்குக் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது, கடைசியில் ஜெயிப்பதும் கிடையாது. பிறகு என்ன இழவுக்கு விளையாடுவது என்று கேட்டேன்.

பெரியப்பாவின் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டு, என்னையும் தம்பியையும் உட்காரவைத்து அக்கா விதிகளைச் சொன்னாள். கதையை அவள் சொல்வாள். அதற்குள் நாங்கள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்களே சொல்லலாம். அது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. எதிரிகளுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி மூடிக்குப் பின்னால் அவள் மறைத்து உருட்டுவாள். அங்கே எட்டிப் பார்க்கிறவர் ஆட்டத்தை விட்டு வெளியே.

நான் வில்லுக்காரி. மூன்றாம் நாள் குகைக்குள் ஒரு கரடி என்மேல் பாய்ந்தது. அக்கா உருட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து மூடியைச் சாய்த்துவிட்டது. பகடையில் இருபது. அக்கா வாய் கூசாமல், "நாலு. ஒம் மேல படல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்த பெண், பச்சைப் பொய்! அழுகுணி ஆட்டம் என்று கத்தினேன்.

"கதை சொல்றவளுக்கு அந்த உரிமை உண்டுடி. ஒன் ஆளு இன்னைக்கே செத்துட்டா நாளைக்கு யாரா வெளாடுவ? பாத்தத வெளிய சொன்னா ஆட்டமே கலஞ்சிரும்."

நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அந்த வாரமே ஆண்டிபட்டியிலிருந்து அத்தை தாம்பாளத்தோடு வந்து இறங்கினார், தன் மகனுக்கு அக்காவைப் பெண் கேட்டு. அக்காவுக்குப் பெங்களூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாட்டவே மாட்டேன் என்று அழுதாள். "தம்பி, ஒம் மகள எம் பையனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப்போற?" என்று அத்தை கேட்டார். தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம் பெரியப்பா ஒருநாளும் இல்லை என்று சொன்னவரில்லை. "அம்மங்கிட்ட பூக்கட்டிப் பாப்பம்க்கா. அவ சொல்றதுதான்" என்றார்.

"எம் படிப்பப் பூவுலயா முடிவு பண்ணுவீக?" என்று அக்கா அலறினாள். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கோவிலுக்குப் போனோம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கல்யாணம், சிவப்பு அரளி வந்தால் இல்லை. பெரியப்பாவே முதுகைத் திருப்பிக்கொண்டு, பூக்களை இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்தார். எடுக்க வேண்டியவள் நான்; வயதுக்கு வராத பிள்ளை எடுத்தால்தான் சாமி சொன்னதாகக் கணக்கு. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார்கள்.

அரளி.

அக்கா பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "அவளே வேணாம்னுட்டா, நான் யாரு?" என்று அத்தை தூணோரம் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா மற்ற பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அது நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. சும்மா இருக்கிற கையா என் கை? பிரித்துவிட்டேன்.

உள்ளேயும் அரளி!

எழுந்த பெரியப்பா என் கையைப் பார்த்தார். ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்துப் பயந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி கையில?" என்றார் அத்தை.

பார்த்ததை வெளியே சொன்னால் ஆட்டம் கலைந்துவிடும். என் வில்லுக்காரி இன்னும் அந்தக் குகையை விட்டு வெளியேகூட வரவில்லை. "ஒண்ணுமில்லத்தே" என்று பூவைக் கைக்குள் கசக்கிக்கொண்டேன்.

வீடு திரும்பும்வரை பெரியப்பா என் கையை விடவே இல்லை. பாவம், ஒன்றில் வெள்ளைப் பூ வைக்க வேண்டும் என்பதைக்கூட மறந்துவிட்டாரே, நல்லவேளை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.