மிஷின் ஏறிய வெள்ளிக்கிழமை

மாலை ஏழரை மணிக்கே நான் நாளைய தேதிக்குள் போய்விடுகிறேன். என் சமையலறைச் சுவரில், ஆம்பூர் மளிகைக் கடை ஒன்றின் பெயர் அச்சிட்ட தினசரி நாட்காட்டி தொங்குகிறது. குளிர்காலத்தில் இத்தாலியில் ஏழரை என்றால் ஊரில் நள்ளிரவு. அந்த நிமிடத்திலேயே அன்றைய தாளைக் கிழித்துவிடுவது என் வழக்கம். அதனால் இரவுச் சாப்பாட்டை எப்போதும் அடுத்த நாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஒரு முறை கேக் கொண்டுவந்த கீழ்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தேதி தவறு என்றார். என் ஊரில் நாளை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன். நாளை நான் ஊருக்குக் கிளம்புவதாக எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்து, நல்லபடியாகப் போய்வரச் சொல்லி விடைபெற்றார். மறுநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றமா சந்தேகமா என்று இன்றுவரை தெரியவில்லை.

தேதியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில், முடிந்த ஷூக்களைச் சோதிக்கும் செக்கராக இருந்த காலத்திலிருந்து டைரி எழுதுகிறேன். எந்தக் கிழமை எந்த லாட் போனது, யார் வரவில்லை, எப்போது மழை பிடித்தது, எல்லாம் அதில் இருக்கும். அந்த டைரிகளை வைத்துத்தான் என் முதல் புத்தகத்தை எழுதினேன். அதற்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: உண்மைப் பெயர், உண்மைக் கிழமை.

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே தமிழில் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுதுவது பாதி வேலைதான். அதற்கு நேரம் திருடுவது, பதிப்பாளருக்குப் பதில் போடுவது, மெய்ப்புப் பார்ப்பது, அந்த ஊர் மணியையும் இந்த ஊர் மணியையும் ஒட்டவைப்பது மீதிப் பாதி. இங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் என் ஷிப்ட் காலை ஆறுக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிகிறது. பஸ்ஸில் அரை மணி நேரம், பத்து மணி இடைவேளையில் பத்து நிமிடம். இவ்வளவுதான் எழுத்தாளனாக என் வேலைநேரம். அந்தப் பத்து நிமிடத்துக்கும் ஆபத்து வந்தது. தோல் பதனிடும் பகுதியின் மேலாளர் சாண்ட்ரோ, நான் நோட்டில் கிழமையும் மணியும் குறிப்பதைப் பார்த்து, தொழிற்சங்கத்துக்குக் கணக்கெடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். புத்தகம் எழுதுகிறேன் என்றேன். எதைப் பற்றி என்றார். தொழிற்சாலையைப் பற்றி என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சிரித்ததில்லை.

சென்ற நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, புத்தகத்தின் இறுதிப் பக்கங்கள் வந்தன. பதிப்பாளர் குமரேசனுக்கு அலுவலகம் வேலூர் சத்துவாச்சாரியில். அச்சடிப்பதோ ஆம்பூரில் ஒரு பிரஸ்ஸில். அந்த வார ஞாயிறே வேலூரில் வெளியீடு. மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் போய்விட்டது. "வியாழன் சாயந்தரம் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போய்டும் சார். அதுக்கப்புறம் எதுனா மாத்தணும்னா மிஷின் ஏத்தறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

புதன்கிழமை ஆம்பூரிலிருந்து மோசஸ் கூப்பிட்டான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது அதே தொழிற்சாலையில் செக்கிங் பகுதி முழுவதும் அவன் பொறுப்பில் இருக்கிறது. புத்தகத்தில் அவனுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. விசா காகிதத்துக்காக நான் சென்னை போன சமயத்தில், சோதித்தவனே கையெழுத்திட வேண்டிய என் லாட் கார்டில் அவன் என் கையெழுத்தைப் போட்ட கதை. 'இரண்டு நிமிடக் கள்ளக் கையெழுத்து' என்று வேடிக்கையாக எழுதியிருந்தேன். பெயர் போடலாமா என்று கேட்டபோது, "போட்டுக்கோ, நானும் ஃபேமஸ் ஆவறேன்" என்று சிரித்தவன்தான் அவன்.

இப்போது சிரிக்கவில்லை. "டேய், என் பேர எடுத்துடு. புதுசா ஷூ வாங்கற பையர் ஆளுங்க வந்து பழைய கார்டெல்லாம் தோண்டறாங்க. அடுத்தவன் கார்டுல கையெழுத்துப் போட்டவன்னு தெரிஞ்சா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய. பொண்ணு நர்ஸிங் ரெண்டாவது வருஷம் படிக்குது."

"எடுத்துடறேன்" என்றேன்.

அப்போதே குமரேசனுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பதினோரு இடத்தில் மோசஸ் என்று இருந்தது. அங்கே ஒரு பொய்ப் பெயரை வைக்க எனக்குக் கை வரவில்லை. பெயரை எடுத்தால் அத்தியாயமே பொய்யாகிவிடும் என்று தோன்றியது. வியாழன் பஸ்ஸில் மூன்று பெயர்களை எழுதி மூன்றையும் அடித்தேன். அவசரமில்லை என்று நினைத்தேன். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அந்தப் பிரஸ்ஸுக்கும் அப்படியே. ஜும்மா தொழுகை நாளில் ஷட்டர் திறந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வாரம் சனிக்கிழமை தொடங்கும். ஆகவே மிஷின் சனி காலையில்தான் ஓடும், எனக்கு வெள்ளி முழுவதும் இருக்கிறது, இரண்டு மணிக்கு வீடு திரும்பி நிதானமாக அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கு அலமாரியிலிருந்து கைபேசியை எடுத்தேன். வேலைநேரத்தில் அதை உள்ளே பூட்டி வைக்க வேண்டும். குமரேசனிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. அச்சான தாள்களின் அடுக்கு. கீழே, "மிஷின் ஏறிடுச்சு சார். வாழ்த்துகள்."

கூப்பிட்டேன். "குமரேசன், இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பிரஸ் லீவாச்சே?"

"லீவா? அது எந்தக் காலம் சார்! ஓனர் மாறி, ஞாயித்துக்கெழமதான் லீவு. நீங்க இன்னும் பழைய ஆம்பூர்லயே இருக்கீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். பின்னணியில் மிஷின் சத்தம் சீராகக் கேட்டது. பிரஸ்ஸிலேயேதான் நின்றிருந்தார்.

"சார், அந்த அத்தியாயம் இருக்கற ஃபாரம் ஓடிட்டே கீது. பதினாறு பக்கம் ஒரே தாள்ல. நிறுத்தினா அத்தனையும் வேஸ்ட். புதுசா பிளேட் போடணும், பேப்பர் வரணும். ஞாயித்துக்கெழம புக்கு இல்ல."

"நிறுத்துங்க."

"மண்டபத்துக்கு வர்றவங்களுக்கு இன்னா காட்டறது? வெத்துக் கையா? மொதல் புக்கு சார். இப்படி ஆனா, அடுத்ததுக்கு நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

நான் பதில் சொல்லும் முன் சாண்ட்ரோ கதவருகே வந்து நின்று, கைக்கடிகாரத்தை விரலால் தட்டினார். இடைவேளை முடிந்திருந்தது. ஒரு நிமிடம் என்று விரல் காட்டினேன். யாரோடு பேசுகிறாய் என்றார். என் வாயில் வந்த சொல் 'நிறுத்துங்க' மட்டும்தான். அதைத் தமிழில், உரக்க, குமரேசனிடம் சொன்னேன். தன்னிடம் கத்துகிறேன் என்று சாண்ட்ரோ நினைத்தார். மறுமுனையில் மிஷின் சத்தம் மெல்ல இறங்கி நின்றது. அந்த மௌனத்தைக் கேட்டுவிட்டுத்தான் கைபேசியை அலமாரியில் பூட்டினேன். ஷிப்ட் முடிவதற்குள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

வீடு திரும்பியதும் மோசஸிடம் சொன்னேன். தாமதம் ஏன் என்பதையும் மறைக்கவில்லை. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு நானே போய்ப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டான். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பிரஸ்ஸுக்குப் போய், அச்சான தாள்கள் வெட்டும் மிஷினில் துண்டு துண்டாகும் வரை நின்றிருக்கிறான். அதற்கு முன் ஒரு தாளை எடுத்துப் படித்தும் இருக்கிறான். அந்த அத்தியாயத்தை அவன் படித்தது அதுதான் முதல் முறை.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கூப்பிட்டான். அங்கே நண்பகல். சர்ச்சுக்குப் போய்வந்தும் களைப்பில்லாமல் நிதானமாகப் பேசினான். அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் ஞாயிறு அவனுக்கு வேலைநாள். விடியற்கால ஆராதனை முடிந்து ஓட்டமாக ஷிப்டுக்கு வருவான். சமீபமாக ஞாயிறுகளில் மணிக்கணக்காகப் பேசுகிறான். தொழிற்சாலையும் விடுமுறையை மாற்றிவிட்டது என்பதை அதிலிருந்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். எந்த அழைப்பு எந்தக் கிழமை வந்தது என்று என் டைரியில் தவறாமல் இருக்கிறது.

"தாள்லாம் முடிஞ்சுது. பயப்படாத" என்றான். பிறகு, "ஆனா நீ கிழமைய தப்பா எழுதியிருக்கே."

"எந்தக் கிழமை?"

"நான் கையெழுத்துப் போட்டது. சனிக்கிழமை காலைல, நீ வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு நிமிஷ வேலைன்னு எழுதியிருக்கே."

"கார்டுலயே சனிக்கிழமைதான்டா இருந்துச்சு. பார்த்து டைரில எழுதி வச்சிருக்கேன்."

"கார்டுல இருக்கும். லீவு நாள்ல வேலை செஞ்சதா காட்டக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை வேலைக்கான எல்லாக் கார்டுலயும் மறுநாள் சனிக்கிழமைதான போடுவோம்? மறந்துட்டியா?" சிரித்தான். "நீ சென்னைக்குப் போனியே, அந்த வெள்ளிக்கிழமை, அன்னிக்கே, லீவுன்னும் பாக்காம, கம்பெனிலேர்ந்து என்ன கூப்புட்டானுங்க. திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், உன் லாட் அப்படியே கெடக்குது. காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் அத்தனை ஜதையும் ஒண்ணொண்ணா தடவிப் பார்த்து, தையல் பார்த்து, அப்புறம்தான் உன் பேர எழுதினேன். கள்ளக் கையெழுத்தாம். வேலை நெஜம்டா, பேருதான் உன்து."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ விசா கெடச்ச சந்தோஷத்துல குதிச்சிட்டிருந்த. இதப் போயி சொல்லுவாங்களா?"

பதினோரு இடத்தில் நான் கைவிட மனமில்லாமல் காத்த உண்மைப் பெயர், அவன் செய்யாத ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது. நான் நம்பிய கிழமையோ நாங்களே எழுதிய பொய்.

வெளியீடு நடக்கவில்லை. குமரேசன் சொன்ன சொல் மாறாதவர். புத்தகத்தை ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தார், அடுத்ததைப் பற்றி இன்றுவரை பேசவில்லை. அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். நண்பனுக்கு வேறு பெயர் வைத்தேன். கிழமை வெள்ளி. வேலை ஒரு முழு நாள். நான் எழுதியவற்றில் பொய்ப் பெயர் உள்ள ஒரே அத்தியாயம் அதுதான். அதைவிட உண்மையான அத்தியாயமும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

நாட்காட்டியை இப்போதும் ஏழரைக்குக் கிழிக்கிறேன். வியாழன் மாலை கிழித்ததும் கீழே வெள்ளி வருகிறது. ஆம்பூரில் எங்கள் தொழிற்சாலையிலும் அது வேலைநாள், பிரஸ்ஸிலும் வேலைநாள், இங்கே சொல்லவே வேண்டாம். ஆனாலும் விடியற்காலை பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, யாரோ ஒருவர் என் வேலையைத் தன் விடுமுறையில் செய்துகொண்டிருப்பதுபோல உடம்பு கூசுகிறது. பஸ் வருகிறது. ஏறி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, முதல் வரியில் கிழமையை எழுதுகிறேன். பிறகு அது சரிதானா என்று ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறேன்.