கடைசி வரிசையில் ஒரு வீடு

அருமனையில் வெறுமனே ஜெரிஷ் என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் கைகாட்டுவார்கள். நெட்டுக்கார ஜெரிஷ் என்று கேட்டால், கேட்டவரை மழையில் நிற்கவைத்துவிட்டு முதலில் தங்கள் வீட்டு வைஃபையின் குறைகளைச் சொல்லித் தீர்ப்பார்கள். வழி சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆள் நாற்பதை நெருங்குகிறவன். மார்த்தாண்டத்தில் டிப்ளமா, தோஹாவில் கொஞ்ச வருஷம் ரவுட்டர், சுவிட்ச் என்று வேலை, பிறகு ஊர் திரும்பல். ரப்பர் ஷீட் வாங்குகிற கடையின் மேல்மாடியில் 'மலையோரம் நெட்' என்று ஒரு கம்பெனி. முதலாளி வேறு ஒருத்தர். சோலி முழுக்க இவனுக்கு. பக்கத்து அறையிலேயே மனைவி பிரிஜாவோடு குடியிருந்தான். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஒரே லைன், ஒரே ரப்பர் வாடை.

அவனிடம் ஒரு குணம் உண்டு. அதைக் குறை என்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் மனசு வராது, எல்லாரும் அதனால் பலன் கண்டவர்கள். முகத்துக்கு நேரே நின்று யாராவது ஒன்றைக் கேட்டுவிட்டால், முடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது.

அவன் வேலை இதுதான். தக்கலையிலிருந்து அருமனைக்கு இரண்டு கேபிள் வருகிறது. ஊர் பார்க்கிறது, பேசுகிறது, சண்டை போடுகிறது எல்லாம் அந்த இரண்டு வழியாகத்தான் போய்வர வேண்டும். நெரிசல் வந்தால் எது முந்திப் போகலாம், எது பொறுத்து நிற்கலாம் என்று ரவுட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஜெரிஷ் மூன்று வரிசை போட்டான். முதல் வரிசை ஆஸ்பத்திரிக்கும், அதுபோலத் தாமதம் தாங்காத ஒன்றிரண்டு இடங்களுக்கும். நடுவரிசை ஊருக்கு. கடைசி வரிசை, எப்போது போய்ச் சேர்ந்தாலும் குடிமுழுகாத சரக்குக்கு. கடைக் கேமராக்கள் ராப்பகலாக அனுப்புகிற பதிவு மாதிரி.

தோஹாவில் படித்த ஒரு பாடத்தையும் மறக்காமல் சேர்த்தான். நெரிசல் நேரத்தில் முதல் வரிசை மொத்தப் பாதையையும் விழுங்கிவிடக் கூடாது என்று அதற்கு ஓர் அளவு வைத்தான். அளவுக்கு மேல் வந்தால் வந்தது தூக்கி எறியப்படும். கடைசி வரிசைக்கும் கொஞ்சம் இடம், யாரும் பிடுங்க முடியாதபடி ஒதுக்கினான். நல்ல வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் வரிசை என்று ஒன்று இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? கல்யாண மண்டபம் வைத்திருக்கிற தாணுமாலயன்தான் முதலில் மாடிப்படி ஏறியவர்.

"மக்களே, தாலி கெட்டுத நேரத்துல துபாயில இருக்குத மாமனுக்குப் படம் நிக்கப்பிடாது. நம்மளயும் முன்னால போட்டுரு" என்றார்.

போட்டான். மறுநாளே அவர் போன் பண்ணி, இப்போ பறக்குது மக்களே என்றார். உண்மையில் பறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. நெரிசல் இல்லாத நாளில் முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒன்றுதான். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? அடுத்து டியூஷன் டீச்சர் வந்தார். அவர் பின்னால் வார்டு உறுப்பினர், பேக்கரி, ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், அவருக்குப் போட்டியாக நடத்துகிறவர். கல்யாணத்தையும் அடக்கத்தையும் லைவ் போடுகிற ஸ்டுடியோக்காரன் பிபினும் வந்தான். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது கடலுக்கு அப்பால் இருப்பதால், சாவு வீட்டில் பந்தல்காரனுக்கு அடுத்தபடி தேடுகிற ஆள் அவன். அவன் லைவ் கருவி எந்த வீட்டு லைனில் செருகினாலும் முதல் வரிசை முத்திரையோடு கிளம்புகிற மாதிரி ஜெரிஷ் செய்துகொடுத்தான். அதில் அவனுக்கு ஒரு திருப்திகூட.

கடைசியில் கேமரா வைத்திருக்கிற கடைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். "எங்க கேமராவ வாலுல கெட்டிப் போட்டிருக்கியாமே, எங்களுக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டார்கள். ஒரு குறைச்சலும் இல்லைதான். அவர்களையும் தூக்கி முன்னால் வைத்தான்.

"ஊரே முன்சீட்டுல இருந்தா பஸ்சு கவுந்துராதா?" என்று பிரிஜா கேட்டாள்.

"சாரமில்ல பிள்ளே. கேட்டுட்டாவ."

முகத்துக்கு நேரே கேட்டும் அவன் முடியாது என்று சொன்ன ஒரே ஆள், அவன் அப்பா செல்வதாஸ்.

செல்வதாஸ் ரிட்டயரான பஸ் கண்டக்டர். குலசேகரம் ரூட்டில் ஆயுசு முழுக்க, "பின்னால எடம் கெடக்கு, பின்னால போங்க" என்று கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்பதைக்கூட ஒரு பஸ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே அவர் வீடு. துணைக்கு மனைவி நேசபாய். மகள் ரெஜிஷா குவைத்தில் நர்ஸ். தினமும் சாயங்காலம், ஊரே நெட்டில் கிடக்கிற நேரத்தில், அவள் வீடியோவில் வருவாள்.

அந்த வீட்டை ஜெரிஷ் முதல் நாளே கடைக் கேமராக்களோடு கடைசி வரிசையில் போட்டான். சொந்த அப்பனுக்கு மட்டும் நல்ல லைன் கொடுத்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற வெப்ராளத்திலேயே போட்டுவிட்டான்.

செல்வதாஸ் ஆபீசுக்கே வந்தார்.

"லேய், ரெஜிஷா வாயத் தொறந்தபடியே நிக்குதா. பாதி நேரம் அவளுக்க தொண்டயத்தான் பாக்குதேன். ஊருக்கெல்லாம் முன்சீட்டு குடுக்கிய, எனக்கு இல்லியா?"

"முடியாதுப்பா. ஆளுவ வல்லதும் சொல்லும்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். போன வருஷத்திலிருந்து அந்தப் பேச்சே இல்லை. கோபமாக இருக்கும் என்று ஜெரிஷ் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டு வந்தால் பிலாக்காயைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசினார்கள். லைனைப் பற்றி அவரும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. உள்ளே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கேட்காத ஒருத்தராவது இருக்கிறாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

இந்த ஜூன் மழையில் செல்வதாஸ் ஒரு காலையில் கட்டன்சாயா குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒன்றும் மிச்சமில்லை.

ரெஜிஷாவால் வர முடியவில்லை. அக்காமா, அங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. அவள் போனில் அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பெட்டி மூடுதுக்கு முன்னால அப்பாக்க மொகத்த ஒருக்கா தெளிவா பாக்கணும். அவ்வளவுதான்."

"நான் இருக்கேம்லாட்டி" என்றான் ஜெரிஷ். ஊருக்கே படம் காட்டுகிறவன் தங்கைக்குக் காட்டமாட்டானா?

அடக்கம் சனிக்கிழமை வைத்தார்கள். பிபின் வந்து கேமராவை நிறுத்தி, லைவ் கருவியை வீட்டு லைனில் செருகினான். பத்து மணி வரை படம் கண்ணாடி மாதிரி போனது. ஜெபம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வேர்க்கிளம்பிப் பக்கம் ஓர் அயனி மரம் காற்றுக்குச் சாய்ந்து, இரண்டு கேபிளில் ஒன்றை அறுத்துக்கொண்டு விழுந்தது. ஊருக்கு இருந்த வழி பாதியாகிவிட்டது. தாணுமாலயன் மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம். இரண்டு ஜெபக்கூட்டமும் லைவ். டீச்சர் போட்டுவிட்டு வந்த டியூஷன் பாடமும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, ஜெரிஷ் போட்ட வரிசைகளுக்கு சாயங்காலச் சின்ன நெரிசலுக்கு மேல் வேலை வந்தது.

ரெஜிஷா கூப்பிட்டாள். செல்போன் டவர் மழைக்குப் படுத்துக் கிடந்ததால் பேச்சு மட்டும்தான் அரைகுறையாக வந்தது.

"அண்ணே, அப்பாக்க மொகம் கட்ட கட்டயா நிக்குது. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஒண்ணும் தெரியல."

பிபின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான். "அண்ணே, நம்மள முதல் வரிசையிலதான போட்டிருக்கிய?"

"அதுலதான் போட்டேன்" என்றான் ஜெரிஷ்.

பின்கட்டில், ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொடிக்குக் கீழே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். முதல் வரிசை அளவைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. வழிந்ததையெல்லாம் ரவுட்டர், அவனே சொல்லிவைத்தபடி, ஈவிரக்கமில்லாமல் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. அதில் அவன் அப்பாவின் மூக்கும் இருந்தது. நடுவரிசையிலும் கால்வைக்க இடமில்லை. முதல் வரிசையிலிருந்து ஆளை இறக்கவேண்டும், வேறு வழியில்லை. யாரை இறக்குவது? ஆஸ்பத்திரியைத் தொட முடியாது. தாணுமாலயனைத் தூக்கினால் அங்கே தாலி கட்டுகிற நேரம். டீச்சர் இங்கே முற்றத்திலேயே அழுதுகொண்டு நிற்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்தது, ஒவ்வொரு முகமும் மக்களே என்றது. சொந்த அப்பன் பெட்டியில் கிடக்கிற நேரத்திலும் அவன் விரல் பட்டனில் இறங்கவில்லை. தன்மேலேயே அவனுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

உள்ளே கடைசிப் பாட்டு முடிந்துகொண்டிருந்தது. பெட்டியைச் சுற்றி ஜனம் நெருக்கி, நேசபாய்க்கு மூச்சுவிட இடமில்லை. செல்வதாசோடு ஓடின பழைய டிரைவர் ஒருத்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் சத்தம் போட்டார். "எல்லாரும் முன்னால நெருக்காதீங்க. பின்னால எடம் கெடக்கு, பின்னால போங்க."

ஜெரிஷ் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தான்.

காலியாகக் கிடந்தது. கேமராவெல்லாம் போன வருஷமே முன்னால் போய்விட்டது. யாரும் பிடுங்க முடியாதபடி அவன் ஒதுக்கிவைத்த இடம் அப்படியே இருந்தது, அதில் குடியிருந்தது இந்த ஒரே வீடு. பிபினின் கருவி மட்டும் இங்கேயிருந்து முதல் வரிசை முத்திரையோடு போய் அந்த நெரிசலில் சாகிறது. முத்திரை இல்லாத எதுவும் இந்த வீட்டிலிருந்து தாராளமாகப் போகும்.

ஓடினான். ஃபிரிட்ஜுக்கு மேலே அப்பாவின் போன் கிடந்தது. அதைத்தான் அவர் தினமும் சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு பேசுவார். வீட்டு லைனில் அதிலிருந்து ரெஜிஷாவை வீடியோவில் கூப்பிட்டான். மணி ரொம்ப நேரம் அடித்தது. குவைத்தில் அவள் திரையில் அப்பா என்றுதான் பெயர் வந்திருக்கும் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

எடுத்தாள்.

"நான்தாம்ட்டி" என்று சொல்லி, ஜனத்தை விலக்கி, பெட்டிக்கு நேர் மேலே போனைப் பிடித்தான். மூடியைத் தூக்கியிருந்தவர்களைப் பார்த்துப் போதகர் கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினார்.

படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தாடையில் சவரக்கத்தி விட்டுப்போன நாலு வெள்ளை முடிகூடத் தெரிந்தது. ரெஜிஷா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா, அப்பா என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். வேண்டிய மட்டும் பார்த்த பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"எப்பவும் போல நல்லா தெளிவா தெரியுது அண்ணே. அப்பா சொல்லிட்டே இருப்பாவ. ஜெரிஷ் நமக்குன்னு தனியா ஒரு நல்ல லைன் போட்டுத் தந்திருக்கான், வாய் தொறந்து சொல்லல, ஆனா செய்துட்டான்னு. வெளிய தெரிஞ்சா உனக்கு ஏச்சு வரும், ஒருத்தர்கிட்டயும் பறையப்பிடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாவ. அப்படிப் பெருமை அவியளுக்கு."

படம் ஆடிவிடக் கூடாது என்று ஜெரிஷ் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டான். பெட்டியை மூடினார்கள்.

கேபிளைச் சரிசெய்ததும் அவன் செய்த முதல் காரியம், முதல் வரிசையில் ஆஸ்பத்திரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் இறக்கியது. மாடிப்படி ஏறி வந்தார்கள். தாணுமாலயன் ரொம்ப வருத்தப்பட்டார். முடியாது என்றான், முகத்தைப் பார்த்தே சொன்னான். கேமராக்காரர்களை மட்டும் பழைய இடத்துக்கு அனுப்பாமல் நடுவரிசையில் வைத்துக்கொண்டான். கடைசி வரிசையில் இப்போதும் ஒரே வீடுதான் இருக்கிறது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நேசபாய் அவனுக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள். யாரும் இல்லை என்று முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லைன் காரியம் நான் இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, கேட்டியா. அப்பா சொன்னது போலத்தான்."

"சொல்லாண்டாம்மா" என்றான் ஜெரிஷ்.