தலைவர் போடாத கையெழுத்து

பெடாஸ் ஊரின் கடைவரிசை முடிந்து செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். தலைவர் இறந்து ஐந்தாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடாரம் போட வேண்டியவன் நான்தான். போடாமல் கிளம்பிவிட்டேன். தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி. போக நினைத்த இடம் லாபு. நான் பிறந்த தோட்டம் அங்கே இருக்கிறது. நான் பிறந்ததை அறிந்தவர் ஒருவராவது அங்கே மிச்சம் இருக்க வேண்டும்.

எனக்கு ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பத்திரமும் இல்லை. நான் பிறந்தபோது அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னார். கிராணி தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதோடு அரசாங்கத்திலும் பதிவாகிவிட்டது என்று அப்பா நம்பிவிட்டார். தோட்டத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். பள்ளியில் பத்திரம் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு கார் கழுவினேன், மீன் பெட்டி சுமந்தேன், கோழிப் பண்ணையில் படுத்துக் கிடந்தேன். தூரத்தில் போலீஸ் வண்டி தெரிந்தால் செம்பனைக்குள் இறங்கிவிடுவேன். ஊர்சுற்றி என்பார்கள். சுற்றியதெல்லாம் சிரம்பானைச் சுற்றித்தான்.

தலைவர் பெடாஸில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். கோயிலுக்கும் அவர்தான் தலைவர். கல்யாணமோ சாவோ, அவருடைய கூடாரமும் நாற்காலிகளும் போகும், வாடகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். "நீ பொறந்த அன்னிக்கு நான் லயத்துலதான்டா இருந்தேன். என்னா மழை!" என்பார். நான் பிறந்ததற்கு ஒரு பெரியவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஒருமுறை சிரம்பானில் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அதிகாரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். அவருடைய கைப்பேசி அடித்தது. எங்கோ ஒரு சாவு, கூடாரம் வேண்டும்.

"செத்தவன் காத்திருக்க மாட்டான்டா. நீ உயிரோடதானே இருக்க? அடுத்த வாரம் வருவோம், வா" என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கூடாரத்தையும் நானே போட்டேன். அடுத்த வாரம் கோயில் திருவிழா வந்தது. அதன் பிறகு நான் கேட்கவில்லை. ஊருக்கே ஓடுகிற மனிதரிடம் என் காரியம் என்று மறுபடி போய் நிற்க மனம் வரவில்லை. எப்போதாவது அவரே, "ஒன்னோடது ஞாபகம் இருக்குடா" என்பார். வேண்டுமென்றே தள்ளிப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை கைக்கு வந்திருந்தால் நான் ஒரு மாதம்கூட அங்கே இருந்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

அவருடைய சாவுக்குப் பெரிய கூடாரத்தையே போட்டேன். கூட்டம் சாலைவரை நின்றது. கோயில் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எத்தனை பேருக்கு ஐசி எடுத்துக் குடுத்தாரு! அதோ, நாற்காலியத் தூக்கிக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு? பொறப்புப் பத்திரம்கூட இல்லாத பய. இன்னிக்கு ஐசியோட மனுசனா நிக்கிறான்னா தலைவராலதான்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு வேறென்ன சொல்வது?

நான்காம் நாள் அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அப்பா இல்லாட்டி என்ன? ஒங்களுக்கு நான் சைன் போடுறேன். எங்கயும் போயிராதீங்க லா."

"நான் பொறந்தப்ப நீங்க பொறக்கவே இல்லியே தம்பி. நீங்க எப்படிச் சாட்சி சொல்லுவீங்க?"

"அப்ப இப்படியே இருந்துருங்க. இங்க ஒங்கள யாரு ஐசி கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். சாகும்வரை கூடாரம் போட்டுக்கொண்டிருக்கலாம். மறுநாள் காலையில் பையை எடுத்தேன்.

பாதி வழியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். லாபுவில் எங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. கோயில் மட்டும் இருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அக்காவிடம் கேட்டேன்.

"பழைய ஆளுங்களா? எல்லாம் நீலாய், சிரம்பான்னு பிளாட்டுக்குப் போயிட்டாங்க. யாரத் தேடுற?"

"பிள்ளைக்கொட்டகையில கொழந்தைங்களப் பாத்துக்கிட்ட ஆயா. எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தவங்க."

"அவங்க தவறி ஒரு வருசமாச்சே. ஏன்பா, சொந்தமா?"

"இல்லக்கா" என்றேன். அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, கோயில் வாசலிலேயே படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் கோயில் முன்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்வண்டியில் வங்காளதேசத்துப் பையன்கள். மண்டோர் தமிழர், வேறு ஊர்க்காரர்.

"வேலை இருக்கா?" என்று கேட்டேன்.

"செம்பனை அடியில உதிரிப் பழம் பொறுக்கணும். எல்லாம் வெளிநாட்டுப் பசங்க செய்யிற வேலை. ஐசி வச்சிருக்க ஆளு, ஒங்களுக்கு எதுக்கு லா இது?"

நான் கையை நீட்டினேன். அவர் ஒரு கோணிப்பையை என்னிடம் வீசிவிட்டுப் பெயர் கேட்டார். சொன்னேன். தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.