பொன்மணி எறிந்த எடைக்கல்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ விற்கும் பொன்மணி, புருஷன் ராஜதுரையிடம் வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. வீங்கிய கன்னத்தோடு வந்து பூவை நிறுத்துப் போடுவாள். அவள் திருப்பி அடித்தது ஒரே ஒரு தடவைதான்.

மகள் கோமு பிறந்தபோதே வலது நெற்றியும் கன்னமும் பீட்ரூட் சாறு ஊற்றியதுபோல் சிவந்திருந்தன. "கிரகணத்துல வெளிய சுத்திருப்பா, மூதேவி!" என்று பிள்ளை பெற்ற உடம்பையே அறைந்தான் ராஜதுரை. பிறகு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. இடது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

திருநெல்வேலி டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டிச் சொன்னார்: "மொகத்துல தெரியுத ரத்தக்குழாய்க் கோளாறு மூளை மேலயும் இருக்கும்மா. காலையும் ராத்திரியும் மருந்து குடுக்கணும். திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து."

பொன்மணி ஒரு வேளை விடவில்லை. கோமு துப்பினாள், முகம் சுளித்தாள், அழுதாள். ஆனால் வலிப்பு அடங்கியது.

இந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று ராஜதுரை காப்புக் கட்டிக்கொண்டு வந்தான். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து மகள் முகத்தில் பூசினான்.

"தபசு முடியுத மட்டும் இங்கிலீசு மருந்து கூடாதுட்டி. சாமிக்கு நேர்ச்ச."

"நேர்ச்ச ஒங்களுக்கு. மருந்து பிள்ளைக்கு."

அறை விழுந்தது. ஆனாலும் ராத்திரி மருந்தைக் கொடுத்தாள். என்ன அதிசயம்! கோமு சுளிக்கவே இல்லை. "இன்னும் தாம்மா" என்று நாக்கை நீட்டினாள். ஐயோ, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டதென்று பூரித்துப் போனாளே அந்தப் பேதை!

தபசுக்கு முந்தின நாள். மார்க்கெட்டுக்குப் போகத் தராசையும் கல்லையும் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். தின்றுகொண்டிருந்த இட்லித் தட்டிலேயே கோமு குப்புற விழுந்தாள். கண் செருகியது. உடம்பு வில்லாய் வளைந்தது. பொன்மணி ஒருக்களித்துக் கிடத்தினாள். ராஜதுரை இரும்புச் சாவியோடு ஓடிவந்தான். கையில் திணித்தும் நிற்காததால், கிட்டிப்போன பற்களுக்கிடையே சாவியை விட்டு நெம்பினான். முன்பல் முறிந்து ரத்தம் கொப்பளித்தது.

"வாயில வைக்காதீங்க! தவறாம மருந்து குடுத்தேனே, பாவி நான், எப்படி வந்துச்சு?"

"எங்கட்டி மருந்து? அத அன்னைக்கே கொட்டிட்டேன். பாட்டில்ல இருக்கது சீனிப்பாகு!"

கூடையிலிருந்த கிலோ கல் பறந்தது. ராஜதுரையின் நெற்றி பிளந்தது.

"பிள்ளயத் தொட்டே, அடுத்த கல்லு ஒன் கழுத்துலதாம்லே!"

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சிஹாபுதீன் பதறி ஓடிவந்தார். "அவனையும் ஆட்டோவுல தூக்கிப் போடுவமா தாயி?"

"அவன் கெடக்கட்டும் பாய். பிள்ள மொதல்ல!"

ஆஸ்பத்திரி ஊசியில் வலிப்பு நின்றது. இடது கைதான் இன்னும் முழுதாக எழும்பவில்லை. போலீஸ்காரரிடம் ராஜதுரை, "வழுக்கி விழுந்தேன்யா" என்றான். "இல்ல, நான்தான் எறிஞ்சேன்" என்றாள் பொன்மணி. தையல் போட்ட நெற்றியோடு அவன் இப்போது ராயகிரியில் அண்ணன் வீட்டில் இருக்கிறான்.

இப்போதெல்லாம் பொன்மணி முதலில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்க்கிறாள். பிறகுதான் மகளுக்கு.

"கசக்குதும்மா!"

பல் போன வாயைச் சுளித்து அழும் மகளை மார்போடு அணைத்துக்கொள்கிறாள்.

"கசக்கட்டும் மக்கா. நல்லாக் கசக்கட்டும்."