பாக்தாத்காரருக்கு இங்கே இடமில்லை

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்குக் கண்காட்சி வைத்தோம். தலைப்பு 'கணிதம் வந்த வழி'. அந்த வழி நம்மிடம் தொடங்கி நம்மிடமே முடிய வேண்டும் என்று தலைவர் முன்பே தீர்மானித்திருந்தார்.

கணிதம் படிப்பிப்பவர்கள் நானும் இன்னொரு மாஸ்டரும். என்னைப் போல அவரும் யாழ்ப்பாணத்தவர், முஸ்லிம். சம்பளமில்லாமல் படிப்பிக்கும் அவரை ஒரு விழாவில்கூட மேடைக்குக் கூப்பிட்டதில்லை. இந்த முறை அவராகவே கேட்டு, அட்சர கணிதத்துக்கு ஓர் அட்டை செய்தார். அது சுவரில் நின்றால் தனக்கும் இங்கே ஓர் இடம் உண்டு என்று நினைத்திருப்பார்.

அட்சர கணிதத்தின் 'அல்ஜிப்ரா' என்ற பெயர் பாக்தாத் அறிஞர் ஒருவரின் அரபுப் புத்தகத் தலைப்பிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தார். 'அல்ஜபர்' என்றால் முறிந்ததைப் பொருத்துவது. எலும்பு முறிவுக்கும் அதே சொல்தான். சமன்பாட்டில் கழித்து நிற்பதை மறுபக்கம் கொண்டுபோய்க் கூட்டுவதற்கு அந்த அறிஞர் அதையே பெயராக வைத்தார்.

அட்டையை வாசித்த தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உதென்ன, பள்ளிவாசல் நோட்டீசோ? பூச்சியத்தைக் குடுத்தது நாங்கள். அவங்கள் களவெடுத்துப் பேர் வைச்சவங்கள்."

நாங்களாம்! ஊரில் இவர் என் அண்ணனின் வகுப்பு. கணக்குச் சோதனையில் இவர் எடுத்த பூச்சியம் எங்கள் தெருவுக்கே தெரியும்.

"அண்ணை, இந்திய எண்களால கணக்குச் செய்யிறதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினவர் அந்த மனிசன். ஆருடைய எண்கள் எண்டதை மறைக்கேல்லை."

"இருக்கட்டும் தங்கச்சி. எங்கட பிள்ளையளுக்கு எங்கட பெருமை போதும்."

இவருடைய மகள் ஜிசிஎஸ்இ சோதனைக்கு அல்ஜிப்ரா படித்தது இதே மாஸ்டரிடம்தான். அப்போது அல்ஜிப்ராவுக்கு மதம் இருக்கவில்லை. கொடுத்தவன் பெயரைச் சொன்னவன் கள்ளன். வாங்கியதை வாய்திறந்து சொல்லாத நாங்கள் பெருமைக்காரர். தூ!

மாஸ்டர் அட்டையின் ஊசிகளைக் கழற்றத் தொடங்கினார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கழற்றாதேங்கோ மாஸ்டர், நான் கதைக்கிறன்."

"விடுங்கோ டீச்சர். யாழ்ப்பாணத்தில வீடுவாசலை விட்டிட்டு உடனே வெளிக்கிடுங்கோ எண்டவை. வெளிக்கிட்டனாங்கள். இது ஒரு அட்டைதானே."

1990இல் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது அவர் சின்னப் பிள்ளை. விரட்டியவர்கள் எங்கள் ஆட்கள். அட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

மணி அடித்தது. அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அவர் வகுப்புக்குள் போனார்.