நம்ம சமூகம்

அகராதி அலுவலகத்தில் அவர் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறார். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் மூக்குக்கு மேல் கோபம் வருவதால் எல்லோருக்கும் அவர் 'ஒற்று அண்ணன்'. வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்ட அன்றே பிறந்த வீடு அவரைக் கைகழுவிவிட்டது. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் போனில் பேசுவாள்.

அன்றைக்கு 'சமூகம்' என்ற சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தார். மக்கள் கூட்டம் என்று ஒரு பொருள், சாதி என்று ஒரு பொருள். 'விழாவுக்குச் சமூகமளித்தார்' என்பதுபோல, நேரில் இருத்தல் என்றும் ஒரு பொருள். அப்போதுதான் தம்பி கூப்பிட்டான்.

"அம்மா காலைல போயிட்டாங்கண்ணே. ஆனா நீ வந்துடாதே. நம்ம சமூகம் ஒத்துக்காது."

"உள்ள வரமாட்டேன்டா. வாசல்லயே நின்னுக்கறேன்."

"வேணாம்ணே. பெரியப்பா சண்டைக்கு வருவாரு."

மனசு கேட்கவில்லை. மனைவியோடு கிளம்பிப் போனார். தெருமுனையிலேயே பெரியப்பா மகன்கள் மறித்துவிட்டார்கள். எதிரே இருந்த மருந்துக்கடைப் படியில் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் நின்றார்கள். கடைசியில் அம்மாவை ஏற்றிய வண்டி நிற்காமல் அவர்களைக் கடந்து போனது. கண்ணாடிக்குள் பூக்குவியல்தான் தெரிந்தது.

"என்னாலதானே எல்லாம்..." மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "முகமாவது பாத்தீங்களா?"

"பாத்தேம்மா," என்றார். "நல்லாப் பாத்தேன்."