அத்தான் வெட்டிய சைப்ரஸ் வேலி

என் அத்தானுக்கு முடி வெட்டுவதில் முப்பத்தொரு வருட அனுபவம். அதில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம், வெட்டினால் வளரும் என்பது. கோணலாகிவிட்டதே என்று யாராவது கண்ணாடி முன்னால் முகம் சுளித்தால், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று துண்டை உதறிவிடுவார். சரியாகியும் விடும். அதனால் அந்த மனுஷன் செய்த எந்தத் தவறும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் என்பதால் என் மேலும்தான்.

அக்காவுக்கு வீட்டிலேயே தையல் வேலை. பின்னறை ஜன்னலோரம் மெஷின். வெளியே பதினைந்தடி காலியிடம், அதைத் தாண்டினால் பஸ் பணிமனை. அதன் மாடி ஜன்னல்கள் நேராக மெஷினைப் பார்க்கும். யாரும் வேண்டுமென்று பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் யாரோ பார்க்கிறார்களோ என்ற நினைப்போடு எப்படி நாளெல்லாம் உட்காருவது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்தி, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுத்தான் தைத்தாள். கண் எரிச்சல் தாங்க முடியாமல்தான் ஒன்பது வருடம் முன்பு என்னையும் இழுத்துக்கொண்டு செடி விற்கும் நர்சரிக்குப் போனாள்.

நர்சரிக்கார அம்மா, மறைப்புக்கு வைக்கிற சைப்ரஸ் மரத்தில் மூன்று வகை காட்டினார். ஒன்று ஒல்லியாக, நெட்டுக்குத்தாக ஏறும். பார்க்க அழகு, ஆனால் நடுவில் சந்து விட்டுவிடும். இன்னொன்று நீலம் கலந்த நிறம். வளர அவசரமே படாது. மூன்றாவது மடமடவென்று வளர்ந்து சுவராக நிற்கும், ஆனால் பரவும், விடாமல் கவனிக்க வேண்டும். அக்கா யோசிக்காமல் மூன்றாவதைக் கேட்டாள். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்றதால் மண்ணை மேடாக்கி, நாலடிக்கு ஒன்றாக எட்டுக் கன்று நட்டோம். நாலே வருடத்தில் பணிமனை மறைந்தது. அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துத் தைத்தாள். என் அக்காவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்த வருடம் மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தாள். மரங்கள் பரவி நடைபாதையையே அடைத்திருந்தன. துணி காயப்போடப் போனால் உரசியது.

"அவ வர்றதுக்குள்ள பளிச்சுனு ஆக்கிடலாம் மாப்ள" என்றார் அத்தான். அக்கா மூக்கில் விரலை வைக்கப்போகிறாள் என்று அவருக்கு ஒரே குஷி.

நூல் பிடித்து, ஓரம் ஒதுக்குகிற நேர்த்தியோடுதான் வெட்டினார். முழங்கை நீளம் உள்ளே போனதும் பச்சை தீர்ந்துவிட்டது. அப்புறம் வெறும் பழுப்புச் சுள்ளியும் தூசியும்தான். வெளியே அத்தனை பச்சையாக நின்ற மரத்துக்குள் ஓர் இலைகூட இல்லை. நிறுத்திவிடலாம் என்றேன். பாதியில் விட்டால் அரைமொட்டை போல இருக்குமாம். முன்பக்கம், பின்பக்கம், உச்சி என்று மதியத்துக்குள் எட்டு மரத்தையும் முடித்துவிட்டார். கம்புகளுக்கு நடுவே பணிமனை மாடியில் ஒரு மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எங்களைப் பார்த்துக் கையசைத்தார், நல்ல மனிதர்.

மறுநாள் போனில் படமெடுத்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினேன். அந்த அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பச்சை நுனியை மட்டும்தாங்க வெட்டணும். பழுப்புக் கட்டையில தளிரே வராது. இது அவ்வளவுதான்."

மறுபடி துளிர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன், மண்டையில் ஏறாமல். எத்தனை வருடமானாலும் வராது என்றார்.

நான் வந்து சொன்னதும் அத்தான் முதலில் சிரித்தார். வெட்டினால் வளராத ஒன்று உலகத்தில் உண்டா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சலூனில் ஒருவர் தலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, கத்தரிக்கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறார். முடி வெட்ட வந்தவர்தான் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

அக்கா வந்தாள். பையை வைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கத்துவாள், அழுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்து நின்றோம். அவள் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு வெளியே போய் ஒரு சுள்ளியை ஒடித்துப் பார்த்தாள். அது படக்கென்று ஒடிந்தது.

அத்தான் அவள் பின்னாலேயே போய், சத்தியமாகத் தனக்குத் தெரியாது, யாருமே சொல்லவில்லை என்றார்.

அக்கா திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"யாரு சொல்லணும்? எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்டூல் போட்டு ஏறி நுனியை மட்டும் வெட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க இதோ, இந்தப் படியில உக்காந்துதான் பேப்பர் படிச்சீங்க. போன வருஷம் தோளைத் தூக்க முடியலைன்னு விட்டுட்டேன். அதனாலதான் பரவுச்சு."

ஞாயிறுதோறும் அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். அவள் ஸ்டூலில் ஏறி நின்ற ஒரு காட்சியையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அத்தான் பேயறைந்தவர் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், மெதுவாகக் கேட்டார்.

"எந்தத் தோள்?"